“திருப்புடா!” – புரூக்ளினில் ஆறு நாள்

முதல் நாள் – ஜெர்சி சிட்டி

கோவையில் கிளம்பி முப்பது மணி நேரம் கழித்து நியூவர்க்கில் இறங்கினேன். அக்கா மகள் இரவு ஷிப்ட் முடித்த கையோடு, ஆஸ்பத்திரி உடுப்பைக்கூட மாற்றாமல் வந்து நின்றாள். “சித்தி, முதல்ல தூங்குங்க. ஊர் எங்கியும் ஓடிராது” என்றாள். ஜர்னல் ஸ்கொயருக்குப் பக்கத்தில் அவளுக்கு ஒற்றை அறை வீடு. திரையை இழுத்துவிட்டு அவள் படுத்துவிட்டாள். எனக்குத் தூக்கம் வரவில்லை. சமையலறை மேசையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். ஆறு நாளும் அன்றன்றைக்கு எழுதிப் போடுவதாக உத்தேசம்.

அமெரிக்காவில் எங்கே போகப்போகிறீர்கள் என்று ஊரில் கேட்காதவர் இல்லை. வில்லியம்ஸ்பர்க் என்று சொன்னால் யாருக்கும் பிடிபடவில்லை. நியூயார்க் நகரத்தில், மன்ஹாட்டனுக்கு எதிர்க்கரையில், புரூக்ளினின் வடக்குப் பக்கம் உள்ள பகுதி அது. நான் அங்கே போவதற்குக் காரணம் ஒரு படம்.

2012-ல் வந்த ‘தி காமெடி’. இயக்கியவர் ரிக் ஆல்வர்சன். ரிச்மண்ட் ஊர்க்காரர், படம் எடுக்க வருமுன் இசைக்குழு வைத்திருந்தவர். படத்தின் நாயகன் ஸ்வான்சன், நாற்பதை நோக்கிப் போகும் ஆள். தாடி, தொப்பை, கையில் எந்நேரமும் ஏதாவது ஒரு குடி. அப்பா சாகக் கிடக்கிறார், சொத்து வரப்போகிறது. அவன் ஒரு படகில் வாழ்கிறான், அதே வயதுக் கூட்டாளிகளோடு ஊரைச் சுற்றுகிறான், எதிர்ப்படும் எல்லோரையும் சீண்டுகிறான். நர்ஸ், டாக்சிக்காரர், தோட்ட வேலைக்காரர்கள், பாரில் உட்கார்ந்திருக்கும் கறுப்பின ஆட்கள் என்று ஒருவரையும் விடுவதில்லை. அவனுக்கு எதுவும் நடப்பதில்லை. யாரும் அறைவதுமில்லை, அவன் திருந்துவதுமில்லை. படம் அவ்வளவுதான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் எங்கள் சின்ன திரைப்பட வட்டத்தில் இதைப் போட்டோம். பதினான்கு பேர் வந்திருந்தோம், ஐந்து பேர் பாதியில் எழுந்து போனார்கள். மிச்சம் இருந்தவர்கள் டீக்கடை ஷட்டர் இறங்கும்வரை சண்டை போட்டோம். “பணக்காரத் திமிரைப் படம் பிடிச்சுக் காட்டினா அது கலையாயிருமாங்க?” என்று ஒருவர். “அவனை உங்களுக்குப் பிடிக்கணும்னு படம் கேக்கவே இல்லையே” என்று இன்னொருவர். நான் அன்றைக்கு இரண்டாவது கட்சி. ஆனால் என் பேச்சில் எனக்கே பாதி நம்பிக்கைதான். அந்த மீதியைத் தேடித்தான் வந்திருக்கிறேன்.

இரண்டாம் நாள் – பெட்ஃபோர்ட் அவென்யூ

ஜெர்சியிலிருந்து மன்ஹாட்டன் போகும் ‘பாத்’ ரயிலில் 14-ஆவது தெருவில் இறங்கி, ‘எல்’ ரயில் மாறினேன். ஆற்றுக்கு அடியில் போய்ப் புரூக்ளினில் அது நிற்கும் முதல் நிறுத்தமே பெட்ஃபோர்ட் அவென்யூ. இருபது வருஷத்துக்கு முன்னால் ‘ஹிப்ஸ்டர்’ என்று உலகம் சொன்னபோது கையை நீட்டிக் காட்டிய தெரு இதுதான்.

அந்தச் சொல்லுக்கு வயது அதிகம். 1940-களில் ஜாஸ் இசையோடு சேர்ந்து புழங்கிய வார்த்தை. கறுப்பினக் கலைஞர்களின் நடை உடை பாவனைகளை வரித்துக்கொண்ட வெள்ளை இளைஞனைப் பற்றி எழுத்தாளர் நார்மன் மெய்லர் 1957-லேயே ஒரு நீண்ட கட்டுரை எழுதிப் பெரிய வம்பை இழுத்தார். பிறகு சொல் தூங்கிப்போய் 1990-களின் கடைசியில் திரும்ப எழுந்தது. இந்தத் தடவை லாரி ஓட்டுநரின் தொப்பி, பெரிய மீசை, பழைய கடையில் வாங்கிய யாரோ ஒரு தொழிலாளியின் பெயர் தைத்த சட்டை, மலிவான பாப்ஸ்ட் பீர். நியூயார்க்கில் ‘என் பிளஸ் ஒன்’ என்ற இதழ்க்காரர்கள் 2009-ல் இதற்கென்றே ஒரு கருத்தரங்கு நடத்தி, மறு வருஷம் அதைப் புத்தகமாகவும் போட்டார்கள். தலைப்பை இறந்தகாலத்தில் வைத்தார்கள்: ஹிப்ஸ்டர் என்றால் என்னவாக இருந்தது என்று. அதற்கு இரண்டு வருஷம் கழித்து வந்த படத்தில் ஸ்வான்சன் அந்த இறந்தகாலத்துக்குள் மாட்டிக்கொண்டு கிடக்கிறான். எதையும் மெய்யாகச் சொல்லாமல் எல்லாவற்றையும் கிண்டலாகவே பேசிப் பழகிய ஒருவனுக்கு வயதானால் என்ன ஆகும்? அப்பா சாகும்போதுகூட வேறு பாஷை வராது.

தெருவில் அந்த ஆட்கள் இன்று இல்லை. குழந்தை வண்டி தள்ளும் இளம் பெற்றோர், விலையைப் பார்த்தாலே தலை சுற்றும் காலணிக் கடைகள். 2005-ல் நகர நிர்வாகம் இந்த ஆற்றங்கரையின் நில விதிகளை மாற்றி, தொழிற்சாலை நிலத்தில் அடுக்குமாடிகள் கட்ட வழிவிட்டது. ஓவியர்களும் பாட்டுக்காரர்களும் குறைந்த வாடகைக்குப் புழங்கிய கிடங்குகள் ஒவ்வொன்றாகப் போயின. அவர்களுக்கும் முன்னால் இருந்த போர்ட்டோ ரிக்கோக் குடும்பங்களின் கதை இன்னும் நீளம். தெற்குப் பக்கத்தை அவர்கள் ‘லோஸ் சுரேஸ்’ என்பார்கள். அங்கே ஒரு மளிகைக்கடை வாசலில் நாலு பெரியவர்கள் டாமினோ ஆடிக்கொண்டிருந்தார்கள். காய்களைப் பலகையில் அடித்து வைக்கும் சத்தம் தெருக்கோடிவரை கேட்டது. அங்கேயே கொஞ்ச நேரம் நின்றேன். இன்னும் இரண்டு தெரு தள்ளினால் கறுப்புக் கோட்டும் உயரத் தொப்பியுமாக ஹசிடிக் யூதர்களின் வேறோர் உலகம்.

மத்தியானத்துக்கு மேல் டாமினோ சர்க்கரை ஆலைக்குப் போனேன். பெயர்ப் பொருத்தம் தற்செயல். செங்கல் கட்டடமும் புகைபோக்கியும் வெளியே அப்படியே நிற்க, உள்ளே கண்ணாடியால் புது அலுவலகம் கட்டியிருக்கிறார்கள். முன்னால் 2018-ல் திறந்த பூங்கா. பாகு ஏற்றிய பழைய தொட்டிகளையும் பளுதூக்கிகளையும் காட்சிப் பொருளாக நிறுத்தியிருக்கிறார்கள். இந்த ஆலைத் தொழிலாளர்கள் 1999-ல் தொடங்கி இருபது மாதம் வேலைநிறுத்தம் செய்தார்கள். நகரத்தின் மிக நீண்ட போராட்டங்களில் ஒன்று. தோற்றுத்தான் உள்ளே போனார்கள். 2004-ல் சுத்திகரிப்பு நின்றுபோனது.

2014-ல், ஆலையின் கிடங்கு ஒன்றை இடிப்பதற்கு முன்னால், காரா வாக்கர் என்ற ஓவியர் அதற்குள் ஒரு சிற்பம் வைத்தார். கறுப்பினப் பெண்ணின் முகம், தலையில் வேலைக்காரியின் முக்காடு, ஸ்பிங்க்ஸ் போலக் கால் மடக்கி அமர்ந்த உடல், முழுக்க வெள்ளைச் சர்க்கரை பூசியது. கரும்புக் காட்டிலிருந்து அடுப்படிவரை கூலியில்லாமல் உழைத்தவர்களுக்கு என்று சமர்ப்பணம். பார்க்க வந்தவர்களில் ஒரு கூட்டம் அந்தப் பெண்ணுருவின் மார்பையும் பின்புறத்தையும் தொடுவதுபோல நின்று இளித்தபடி படம் எடுத்துக்கொண்டது. அந்தப் படங்களை அப்போதே பார்த்திருக்கிறேன். அன்று முழுக்க மனம் ஆறவில்லை. எத்தனை ஸ்வான்சன்கள்! கேட்டால் சும்மா விளையாட்டுக்கு என்பார்கள். சர்க்கரைப் பெண் எழுந்து அறையமாட்டாள் என்று அவர்களுக்குத் தெரியும்.

பூங்கா பெஞ்சில் உட்கார்ந்தபோதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. படத்தில் ஸ்வான்சன் யாரிடம் வாலாட்டுகிறான்? திருப்பித் தர முடியாதவர்களிடம். வேலையில் இருப்பவர்களிடம்.

மூன்றாம் நாள் – மழை

காலையிலிருந்து மழை. வெளியே போகவில்லை. சேர்த்து வைத்திருந்த விமர்சனங்களையெல்லாம் மறுபடி படித்தேன்.

2012 ஜனவரி, யூட்டா மாநிலத்துப் பனியில் பார்க் சிட்டி. சன்டான்ஸ் திரைப்பட விழாவின் அமெரிக்கக் கதைப்படப் போட்டியில் பதினாறு படங்கள், அதில் இது ஒன்று. நாயகனாக நடித்த டிம் ஹைடெக்கரும் கூட்டாளியாக வரும் எரிக் வேர்ஹைமும் தொலைக்காட்சியில் பேர்பெற்ற இரட்டையர். அதே விழாவில், அதே வாரம், அவர்களே எழுதி இயக்கிய முழு நகைச்சுவைப் படமும் நள்ளிரவுப் பிரிவில் ஓடியது. ஆகவே சிரிக்கத் தயாராகத்தான் பலரும் வந்திருக்கிறார்கள். படத்தின் பேரே ‘நகைச்சுவை’ என்றிருக்கிறதே. கொஞ்ச நேரத்திலேயே நாற்காலிகள் காலியாக ஆரம்பித்தன. நடுவில் எழுந்து போனவர்களைப் பற்றிய செய்திதான் படத்தைவிட வேகமாக ஊர் போய்ச் சேர்ந்தது. அந்த வருஷம் பெரிய பரிசு ‘பீஸ்ட்ஸ் ஆஃப் தி சதர்ன் வைல்ட்’ படத்துக்கு. சேற்றிலும் வெள்ளத்திலும் தைரியமாக நிற்கும் ஒரு சிறுமியின் கதை. அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்ட அதே கூட்டம் இந்தப் படத்தைத் தள்ளிவிட்டதில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

அந்த நவம்பரில் திரையரங்குக்கு வந்தபோது எழுதியவர்களும் ஏறக்குறைய பாதிக்குப் பாதியாகப் பிரிந்தார்கள். பிடிக்காதவர்களின் வாதத்தை நான் லேசில் ஒதுக்கமாட்டேன். ஒருவனின் கொடுமையைக் காட்டப் பார்வையாளனையும் கொடுமைப்படுத்தத்தான் வேண்டுமா? இனவெறிச் சொல்லைப் பாத்திரம் பேசினாலும் அரங்கில் உட்கார்ந்திருப்பவன் காதில் அதே சொல்தானே விழுகிறது? வெறுமையான ஆளைப் பற்றிய படம் தானும் வெறுமையாகிவிட்டால் அது சாதனையா, சறுக்கலா? ஒவ்வொன்றும் நியாயமான கேள்வி.

ஆதரித்தவர்கள் சொன்னதன் சாரம் இது: படம் அவனைத் தண்டிக்கவும் இல்லை, மன்னிக்கவும் இல்லை. நாம் பழகிப்போன இரண்டு கதவையும் சாத்திவிட்டு, நம்மை அவனோடு அறைக்குள் விட்டுவிடுகிறது. ஆல்வர்சன் பிறகு எடுத்த படங்களும் இதே பிடிவாதம்தான். 2015-ல் வந்த ‘என்டர்டெயின்மென்ட்’ படத்தில் மேடைச் சிரிப்பு நடிகன் ஒருவன் பாலைவன ஊர்களில் தன் கூட்டத்தையே வைதுகொண்டு போவான்.

எனக்கு இதைப் பார்க்கும்போதெல்லாம் 1970-ல் வந்த ‘ஃபைவ் ஈஸி பீஸஸ்’ நினைவுக்கு வரும். அதிலும் வசதியான வீட்டுப் பிள்ளை, எண்ணெய் வயலில் கூலி வேலை பார்க்கிறான், அப்பா வாதம் வந்து பேச்சிழந்து கிடக்கிறார். ஆனால் அந்தப் பிள்ளையாக நடித்த ஜாக் நிக்கல்சன் அப்பாவுக்கு முன்னால் உட்கார்ந்து உடைந்து அழுவார். நாற்பது வருஷம் கழித்து வந்த ஸ்வான்சனுக்கு அந்த அழுகை இல்லை. அப்பாவின் படுக்கையறைப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, அவரைப் பார்த்துக்கொள்ளும் ஆண் நர்ஸிடம் உடலின் அசிங்கங்களைப் பற்றிக் கேள்வி கேட்டுக் கேட்டு நோண்டுகிறான். படத்தின் தொடக்கத்திலேயே வரும் காட்சி இது. எங்கள் ஊரில் முதல் ஆள் எழுந்து போனதும் இங்கேதான்.

இன்றைக்கு அக்கா மகளுக்கு விடுமுறை. ராத்திரி ரசம் சோற்றுத் தட்டோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். “என்ன படம் சித்தி, இப்படி முழுங்கறாப்ல பார்க்கறீங்க?” என்று கேட்டாள். “உனக்குப் பிடிக்காது கண்ணு” என்றேன். அவள் மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

நர்ஸ் காட்சி வந்தது. அவள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள். காட்சி முடிந்ததும் பின்னால் தள்ளி இன்னொரு தரம் பார்த்தாள். ஸ்வான்சனை அல்ல.

“அந்த நர்ஸ் மொகத்தப் பாருங்க சித்தி. காதுல விழுது, ஆனா உள்ள விடல. இதை யாரும் சொல்லித்தரமாட்டாங்க. மூணு நாலு வருஷத்துல தானா வந்துரும்.”

“உன்கிட்டயும் இப்படிப் பேசுவாங்களா?”

“வாரத்துக்கு ஒருத்தராச்சும். நோயாளி பேசினாக்கூடப் பரவால்ல, வலியில பேசறாங்கன்னு விட்டுரலாம். கூட வர்ற சொந்தக்காரங்க இருக்காங்களே. எங்கிருந்து வந்தே, இங்க்லீஷ் புரியுதா, கை சுத்தமாங்கறது. பதில் பேசினா புகார் எழுதுவாங்க. அப்பறம் நான்தான் உக்காந்து விளக்கம் எழுதணும்.” அப்புறம், “இந்தாளு நடிக்கறாரா, நிஜமாலுமே நர்ஸா?” என்று கேட்டாள்.

நான் என்ன சொல்வது? இத்தனை வருஷமாக எழுதப்பட்ட அத்தனை விமர்சனத்தில் நான் படித்த எதுவும் அந்த நர்ஸின் முகத்தில் இத்தனை நேரம் நின்றதில்லை. எல்லோருடைய பேச்சும் ஸ்வான்சனைச் சுற்றியே. அவனை வெறுக்கலாமா, இரங்கலாமா, இயக்குநர் அவன் கட்சியா, எதிர்க்கட்சியா என்று. நானும் அந்தச் சண்டைக்குள்தான் இருந்தேன்.

போன வருஷம் எங்கள் அப்பா எட்டு மாதம் படுக்கையில் கிடந்தார். ஒரு அம்மா வீட்டோடு தங்கிப் பார்த்துக்கொண்டார். பார்க்க வரும் சொந்தக்காரர் ஒருவர், ஒவ்வொரு தடவையும் அந்த அம்மாவை வைத்து ஏதாவது ஒரு கேலி சொல்வார். அவர் சிரிப்பார், மற்றவர்களும் சிரிப்பார்கள். அந்த அம்மா துணி மடித்துக்கொண்டே இருப்பார். நான் சிரித்ததில்லை. தடுத்ததும் இல்லை. அப்பா போன பிறகு சம்பளத்தோடு ஒரு புடவையும் வைத்துக் கொடுத்தேன். கணக்கு நேராகிவிட்டது என்று நினைத்தேன். இதை இவளிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டாள். ஒன்றும் சொல்லவில்லை.

படத்தின் பிற்பகுதியில் ஒரு காட்சி. படகில் அவனோடு இருக்கும் பெண்ணுக்கு வலிப்பு வருகிறது. அவன் உட்கார்ந்து பார்க்கிறான். கேமராவும் பார்க்கிறது. கோவையில் நாங்கள் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்த இடம். பிற்பாடு ‘மௌனத்தின் வன்முறை’ என்றெல்லாம் பேசினோம். இவள் கையில் இருந்த தட்டைக் கீழே வைத்தாள்.

“திருப்புடா. ஒருக்களிச்சுத் திருப்பிப் படுக்க வை. தலைக்கு ஏதாச்சும் குடு. டேய், மணியப் பாரு, அஞ்சு நிமிஷம் தாண்டினா ஆம்புலன்ஸ் கூப்பிடணும்டா!”

திரையைப் பார்த்துத் தமிழில் கத்தினாள். மேல்மாடிக்காரர் காலால் தட்டியிருப்பார் என்று நினைக்கிறேன், அப்படி ஒரு சத்தம். படம் முடியும்வரை அவள் மறுபடி தட்டைத் தொடவில்லை.

நான்காம் நாள் – டாக்சி

ஸ்வான்சன் ஒரு டாக்சிக்குள் ஏறி, ஓட்டுநரிடம் கத்தையாகப் பணத்தை நீட்டி, வண்டியைக் கொஞ்ச நேரம் தன்னிடம் ஓட்டக் கொடுக்கச் சொல்கிறான். அவர் தயங்கித் தயங்கிக் கொடுக்கிறார். இவன் தாறுமாறாக ஓட்டுகிறான். அவர் பதறுகிறார். முதல் தடவை பார்த்தபோது இதைப் பணக்காரன் விளையாட்டு என்று எடுத்துக்கொண்டு தாண்டிப் போய்விட்டேன்.

மஞ்சள் டாக்சியின் கதை தெரிந்தால் தாண்ட முடியாது. இந்த ஊரில் மஞ்சள் டாக்சி ஓட ‘மெடாலியன்’ என்கிற உரிமம் வேண்டும். வண்டியின் முன்பக்கத்தில் அறைந்திருக்கும் சின்னத் தகடு. மொத்தம் 13,587 தான். நகரம் ஏலம் விட்டு ஏலம் விட்டு விலையை ஏற்றியது. கடன் கொடுத்தவர்கள் கண்ணை மூடிக்கொண்டு கொடுத்தார்கள். 2014 வாக்கில் ஒரு தகடு பத்து லட்சம் டாலரைத் தாண்டியது. தெற்காசியாவிலிருந்தும் ஹெய்ட்டியிலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் வந்த ஓட்டுநர்கள் வாழ்நாள் கடனில் வாங்கினார்கள். பிறகு செல்பேசியில் கூப்பிடும் வண்டிகள் வந்தன. விலை பாதாளத்துக்குப் போனது, கடன் மட்டும் நின்றது. 2018-ல் ஓட்டுநர்கள் பலர் தங்கள் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். படம் எடுக்கப்பட்டபோது விலை ஏறிக்கொண்டிருந்த காலம். அந்த இருக்கையில் ஸ்வான்சன் உட்காரும்போது எதன்மேல் உட்காருகிறான் என்று அவனுக்குத் தெரியாது.

2021 அக்டோபரில் ஓட்டுநர் சங்கத்தார் சிட்டி ஹால் வாசலில் உண்ணாவிரதம் உட்கார்ந்தார்கள். பதினைந்து நாள். அன்றைக்குச் சட்டமன்ற உறுப்பினராக இருந்த சோரான் மம்தானியும் கூடவே பட்டினி கிடந்தார். கடைசியில் நகரம் இறங்கி வந்தது. கடனை 1,70,000 டாலராகக் குறைத்து அதற்கு நகரமே ஜாமீன் நிற்பது, மாதத் தவணை 1,122 டாலரைத் தாண்டாமல் பார்ப்பது என்று முடிவானது. அந்த இடத்தைப் பார்க்க இன்றைக்குப் போனேன். பூங்கா வேலிக்கு வெளியே சுற்றுலாக்காரர்கள், புரூக்ளின் பாலத்துக்கு நடப்பவர்கள். பட்டினி கிடந்த இடம் என்று காட்ட ஒரு அடையாளமும் கிடையாது. அந்த நடைபாதையில் அரை மணி நேரம் நின்றேன்.

திரும்பும்போது வேண்டுமென்றே மஞ்சள் டாக்சி பிடித்தேன். ஓட்டுநர் வங்கதேசத்துச் சில்ஹெட்காரர், அறுபது வயதுக்கு மேல். பாதி இந்தி, பாதி ஆங்கிலத்தில் பேசிக்கொண்டோம். படத்தின் காட்சியைச் சொல்லி, இப்படி யாராவது கேட்டால் கொடுப்பீர்களா என்றேன். கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். எவ்வளவு கொடுத்தான் என்று கேட்டார். நிறைய என்றேன்.

“என் மச்சான் கொடுத்திருப்பான்” என்றார். “தவணை கட்ட வேண்டிய வாரமாக இருந்தால் கொடுத்திருப்பான். நான் வாடகை வண்டி ஓட்டுகிறவன், அதனால் தைரியமாக இல்லை என்று சொல்வேன்.” கொஞ்ச தூரம் போனதும், “வண்டிக்கு ஏதாவது ஆச்சா?” என்று கேட்டார். அவருக்கு மனசில் நின்றது வண்டி.

ஐந்தாம் நாள்

கால் வீங்கிவிட்டது. சாயங்காலம் மட்டும் வில்லியம்ஸ்பர்க் கிராண்ட் தெருவில் கொஞ்ச தூரம் நடந்தேன். படத்தில் ஸ்வான்சனின் கூட்டாளிகளில் ஒருவராக வரும் ஜேம்ஸ் மர்ஃபி நிஜத்தில் ‘எல்சிடி சவுண்ட்சிஸ்டம்’ இசைக்குழுவின் தலைவர். 2011 ஏப்ரலில் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் இதுதான் கடைசிக் கச்சேரி என்று சொல்லி விடைபெற்றார். அடுத்த ஜனவரியில் இந்தப் படம் சன்டான்ஸில் ஓடியது. 2015-ல் இதே தெருவில் ‘தி ஃபோர் ஹார்ஸ்மென்’ என்ற ஒயின் விடுதியைக் கூட்டாகத் தொடங்கினார். அதற்கு மிஷெலின் நட்சத்திரமும் கிடைத்தது. வாசலில் ஜோடி ஜோடியாகக் காத்திருந்தார்கள், முகத்தில் சந்தோஷம். வயதாகும் ஹிப்ஸ்டருக்கு ஸ்வான்சனின் முடிவு ஒன்றுதான் என்றில்லை. சமைக்கக் கற்றவர்களும், கடை நடத்தக் கற்றவர்களும், மறுபடி பாட வந்தவர்களும் இருக்கிறார்கள். குழு 2016-ல் திரும்பவும் மேடை ஏறியது.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். படத்தின்மேல் எனக்கு இருந்த பக்தி இந்த நாலு நாளில் கொஞ்சம் குறைந்திருக்கிறது. அந்த நர்ஸின் முகத்தில் கேமரா நிற்கிறது, அது உண்மை. டாக்சிக்காரரின் பதற்றம் தெரிகிறது. ஆனால் ஸ்வான்சன் அறையை விட்டுப் போனதும் கேமராவும் அவன் பின்னாலேயே போய்விடுகிறது. நர்ஸ் அதற்கப்புறம் என்ன செய்தார்? கிழவரைத் திருப்பிப் போட்டாரா, மருந்து கொடுத்தாரா, வீட்டுக்குப் போன் பண்ணினாரா? ஒரே ஒரு நிமிஷம் அங்கே தங்கியிருக்கலாம். ஸ்வான்சன் ஒரு உணவகத்தில் பாத்திரம் கழுவும் வேலைக்குச் சேர்கிறான், சட்டை மாற்றுவதுபோல. பக்கத்தில் நிஜமாகவே கழுவிக்கொண்டிருப்பவரின் நாள் எத்தனை மணிக்கு முடியும் என்று படத்துக்குக் கவலை இல்லை. எதிர்த்து எழுதியவர்கள் ‘வெறுமை’ என்று சொன்னதை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன். ஆதரித்தவர்கள் சொன்ன நேர்மையையும் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன். இரண்டும் ஒரே படத்தில் இருக்கின்றன.

ஆறாம் நாள் – கோனி ஐலண்ட்

அவளுக்கு ராத்திரி ஷிப்ட். பகல் முழுக்க உங்களோட இருக்கேன் என்றாள். கியூ ரயிலில் கடைசி நிறுத்தம். 1920-லிருந்து சுற்றும் வொண்டர் வீல் ராட்டினம், 1927-லிருந்து அதிரும் சைக்ளோன் ரோலர் கோஸ்டர், நேத்தன்ஸ் ஹாட்டாக் கடையில் நீண்ட வரிசை. ஜூன் வெயிலில் மணல் பொறிந்தது. ஸ்பானிஷ், ரஷ்யன், உருது, இன்னும் நான் அறியாத மொழிகளில் அம்மாக்கள் பிள்ளைகளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு தண்ணீர் ஓரமாகவே நடந்தோம்.

படமும் கடற்கரையில்தான் முடிகிறது. ஸ்வான்சன் ஒரு சின்னப் பையனோடு தண்ணீரில் விளையாடுகிறான். அடிக்கிறான், தெளிக்கிறான், பையன் திருப்பித் தெளிக்கிறான். இத்தனை நேரம் யாரும் அவனுக்குத் திருப்பித் தராததை அந்தக் குழந்தை தருகிறது. அது வெறும் தண்ணீர். இதை மீட்சி என்று எழுதியவர்கள் உண்டு, இன்னொரு ஏமாற்று என்று எழுதியவர்களும் உண்டு.

“நீ என்ன நினைக்கறே கண்ணு, அவன் மாறிட்டானா?”

“குழந்தைகிட்ட யாரு வேணா நல்லா இருப்பாங்க சித்தி. நாளைக்கு அந்த நர்ஸ்கிட்ட என்ன பேசறான்னு பார்க்கணும்.” சொல்லிவிட்டு, “வார்டுல மூணு பேருகிட்ட இந்தப் படத்தப் பத்திச் சொன்னேன். பார்க்கறோம்னாங்க. ஒருத்தி ஹெய்ட்டி, ரெண்டு பேரு பிலிப்பைன்ஸ்” என்றாள். எனக்கு அவ்வளவு சந்தோஷம். எங்கள் வட்டத்தில் பத்து வருஷமாகப் படம் போடுகிறோம். நர்ஸ் ஒருவரைக்கூடக் கூப்பிட்டதில்லை.

திரும்பும் ரயிலில் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். அவள் மடியில் இருந்த செல்பேசி இரண்டு தடவை அதிர்ந்தது. கால்சட்டை ஓரத்தில் மணல் ஈரமாக ஒட்டியிருந்தது. மன்ஹாட்டன் பாலத்தில் ரயில் ஏறி வெளிச்சம் முகத்தில் அடித்ததும் விழித்து, எடுத்துப் பார்த்தாள். பிலிப்பைன்ஸ் தோழிகளில் ஒருத்தி. ஷிப்டுக்கு முன்னால் பார்த்து முடித்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறாள். படகுக் காட்சியில் நிறுத்திவிட்டு எழுதியிருக்கிறாள். எனக்கும் காட்டினாள்.

கடைசிவரை அவன் யாரையும் கூப்பிடவே இல்லையா, என்று கேட்டிருந்தாள்.

இல்லை என்று தட்டி அனுப்பிவிட்டு, “இறங்கணும் சித்தி, பையை எடுங்க” என்றாள்.